பழுது பார்த்த கை

நம் பாட்டனார் காலத்தில் வீட்டில் ஒரு வில்வண்டி இருந்தது. வெளியூர்ப் பயணம் என்றால் வைகறையில் எழுந்து, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியபின் அவர் செய்யும் முதல் வேலை, குனிந்து இரு சக்கரங்களின் கடையாணியையும் கையால் தொட்டுப் பார்ப்பதாகும். ஆணி தேய்ந்திருந்தால் கொல்லனைத் தேடிப் போகமாட்டார். பரணில் போட்டு வைத்திருக்கும் வேறோர் ஆணியை எடுத்துச் செருகித் தட்டிவிடுவார். "இந்த வேலையை நீங்கள் செய்யலாமா?" என்று அவரை எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அக்கேள்வியே அவருக்கு விளங்கியிராது. தம் வண்டியின் ஆணியைத் தாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

சென்ற தை மாதத்தில் அதே வீட்டின் முற்றத்தில் ஒரு காரின் பிரேக் உறுப்பு மாற்றப்பட்டது. மாற்றியவர் நம் மூத்த மகளின் கணவர். எட்டாண்டுகளாக வளைகுடா நாடொன்றில் குளிர்சாதனப் பொறிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர், விடுமுறையில் வந்திருந்தார். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், ஆயினும் கார் மெக்கானிக் அல்லர். "இதை வீட்டிலேயே செய்வது ஆகுமா, அத்தா?" என்று நம் மகள் கேட்டாள். முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நம்மிடம் எதனையும் 'ஆகுமா, ஆகாதா' என்றே கேட்டு வீட்டார் பழகிவிட்டனர். நாமும், "தன் பொருளைத் தான் திருத்திக்கொள்வதில் என்னம்மா தடை?" என்று சொல்லிவிட்டோம். அவ்விடை எவ்வளவு அரைகுறையானது என்பது மறுநாள் காலையில்தான் நமக்கு விளங்கிற்று.

பழுது இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறோம். மூடிய கலத்தில் அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் விளக்கி எழுதினார். அந்நூல் அவர் மறைந்த மறு ஆண்டு, 1663 இல் வெளிவந்தது. அவ்வுண்மையைக் கொண்டு ஓடும் வண்டியை நிறுத்தலாம் என்று மனிதனுக்குத் தோன்ற இரண்டரை நூற்றாண்டு சென்றது. 1921 இல் அமெரிக்காவில் டூசன்பெர்க் என்னும் கார் நான்கு சக்கரங்களுக்கும் ஆயில் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. இன்றும் அடிப்படை அதுவே. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஆயில் மெல்லிய குழாய்களின் வழியே சக்கரங்களுக்குத் தள்ளப்படுகிறது. நம் காரைப் போன்ற பழைய சிறு கார்களின் பின்சக்கரத்தில், டிரம்முக்குள் ஒரு விரல் நீளத்தில் 'வீல் சிலிண்டர்' என்றோர் உறுப்பு உண்டு. வந்த ஆயில் அதன் இருபுறமும் உள்ள பிஸ்டன்களைத் தள்ள, அவை பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகின்றன. அழுத்தத்தை வெளியே விடாமல் காப்பது இரண்டு சிறு ரப்பர்க் கப்புகள். அவற்றின் விலை ஒரு வேளைத் தேநீருக்கும் பலகாரத்துக்கும் ஆகும் செலவைவிடப் பெரிதன்று.

அந்தக் கப்பு தேய்ந்துவிட்டது. சிலிண்டரின் உட்புறமும் துருப்பிடித்துக் குழிந்திருந்தது. ஆயில் மெல்லக் கசிந்து ஷூக்களை நனைக்க, நனைந்த ஷூ பிடிக்காமல் வழுக்கிற்று. பெடலும் நாளுக்கு நாள் ஆழமாக இறங்கிற்று. பட்டறை ஒன்றில் இரு முறை காட்டியிருந்தோம். இரு முறையும் குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்பிக் கூலி வாங்கிக்கொண்டார்கள். ஆயில் ஏன் குறைந்தது, எங்கே போயிற்று என்று ஒருவரும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. மருமகன் வந்த இரண்டாம் நாள் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இதில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்" என்றார்.

அவர் வேலை செய்த முறையைக் குறை சொல்ல முடியாது. கையேட்டை இரண்டு இரவு படித்தார். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியபின் வண்டியின் பாரத்தை இரும்புத் தாங்கிகளின் மேல் இறக்கினார். நம் ஊரில் பலரும் செய்வதுபோல நாம் செங்கற்களை எடுத்துக்கொண்டு போனபோது, "செங்கல் சொல்லாமல் நொறுங்கும், மாமா" என்று மறுத்துவிட்டார். டிரம்மில் இருந்த தூசியை வாயால் ஊதவும் விடவில்லை. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு என்றும், அத்தூசி நுரையீரலுக்குக் கேடு என்றும் சொல்லி ஈரத்துணியால் துடைத்தார். ஆயில் குடித்த ஷூக்களைக் கழுவிப் பயன்படுத்தாமல், இரு சக்கரங்களுக்கும் சேர்த்துப் புதியன போட்டார். பிரேக் ஆயிலும் முத்திரை உடைக்காத புதிய டப்பா. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது என்பதை அன்றுதான் அறிந்தோம். டாட் 3 என்னும் வகையின் கொதிநிலை, புதியதாயின் 205 பாகைக்குக் குறையலாகாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 ஆக இறங்கிவிடுகிறது. அடிக்கடி பிரேக் பிடித்துச் சூடேறினால் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அழுத்தத்தைக் கடத்தாது.

இறுதியாகக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் சக்கரத்தினருகே படுத்து நிப்பிளைத் திறந்து மூட, மற்றவர் உள்ளே அமர்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அந்த மற்றவர் நாமே ஆனோம். "மிதியுங்கள் மாமா... பிடித்துக்கொள்ளுங்கள்... இப்போது விடுங்கள்." நிப்பிளை மூடுமுன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே போய்விடும். நாம் ஒரு முறை அவசரப்பட்டு எடுத்துவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, முதலிலிருந்து தொடங்கினார். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அலிஃப் எழுதக் கைபிடித்துக் கற்றுத்தரும் நாம் அன்று கால்பிடித்துக் கற்பிக்கப்படும் மாணாக்கராயிருந்தோம். பேரன் வாசற்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

இனி, 'தன் பொருள்தானே' என்று நாம் சொன்ன விடைக்கு வருவோம். பழுது பார்ப்பவரின் பொறுப்பைப் பற்றி நம் சட்ட அறிஞர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே ஆழமாக வாதிட்டிருக்கின்றனர். கி.பி. எட்டாம் நூற்றாண்டுக் கூஃபா நகரில் வண்ணானிடமும் தையற்காரனிடமும் ஒப்படைத்த பொருளுக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி எழுந்தது. பொருள் அவன் கையில் அமானிதம். அவன் செயலால் அன்றி அழிந்தால் அவன் ஈடு செய்ய வேண்டியதில்லை என்றார் இமாம் அபூஹனீஃபா. அவருடைய மாணவர்களாகிய அபூயூசுஃபும் முஹம்மதும், தவிர்க்க முடியாத பெருந்தீ போன்ற காரணம் இருந்தாலன்றி ஈடு செய்தே ஆகவேண்டும் என்றனர். ஆனால் வண்ணான் அடித்துத் துவைத்த அடியிலேயே துணி கிழிந்தால் ஈடு உண்டு என்பதில் ஆசிரியருக்கும் மாணவர்களுக்கும் வேற்றுமை இல்லை. மருத்துவம் தெரியாதவன் மருத்துவம் செய்து கெடுத்தால் அவனே பொறுப்பாளி என்னும் கருத்தில் நபிமொழியும் உண்டு.

இவையெல்லாம் பிறர் பொருளைக் கூலிக்குச் செய்பவனைப் பற்றியவை. தன் வண்டியைத் தானே திருத்துபவனுக்குக் கூலி இல்லை, ஒப்பந்தம் இல்லை, வழக்காடும் எதிர்த்தரப்பும் இல்லை. ஆகவே அவன் விடுதலை பெற்றவன் என்று எண்ணினோம். எதிர்த்தரப்பு முற்றத்தில் இல்லை; சாலையில் இருக்கிறது. தை மாதத்தில் நம் தஞ்சைத் தரணியின் சாலைகளை அறியாதார் யார்? அறுவடையான நெல்லையும் வைக்கோலையும் பாதிச் சாலையில் உலர்த்தியிருப்பார்கள். புல்லுக்கட்டைத் தலையில் சுமந்தபடி ஓர் அம்மையார் வருவார். கட்டு கண்ணை மறைக்கும். ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுவன் குறுக்கே ஓடுவான். அந்த அம்மையாரிடமும் சிறுவனிடமும், "எங்கள் வீட்டு முற்றத்தில் பிரேக்கைத் திருத்தியிருக்கிறோம், சம்மதமா?" என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் வழியில்லை. பாட்டனாரின் கடையாணி கழன்றால் பெரும்பாலும் அவரே வயலில் விழுந்திருப்பார். நம் பிரேக் கழன்றால் விழுபவர் வேறு யாரோ. வீட்டில் செய்யலாமா என்னும் கேள்வியை அடைத்துக்கொண்டு நிற்பது இந்த வேறுபாடுதான் என்று நமக்குப் படுகிறது.

பட்டறையில் கொடுத்திருந்தால் இப்பொறுப்பு நம்மைவிட்டு நீங்கியிருக்குமோ எனில், அதுவும் இல்லை. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 190 ஆம் பிரிவு, ஆபத்து விளைவிக்கக்கூடிய குறையுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டும் பிடிப்பதில்லை. ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே பிடிக்கிறது. குறை தெரிந்திருந்தால் மட்டுமல்ல, சாதாரணக் கவனத்தால் தெரிந்துகொண்டிருக்க முடிந்தாலும் குற்றமே. கூலி கொடுத்துவிட்டோம் என்னும் நிம்மதியில் இரு முறை அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிச் சென்றவர் நாம். பெடல் ஆழமாக இறங்குவதை நம் காலே அறிந்திருந்தது. ரசீது கையில் இருந்தபடியால் கால் சொன்னதைக் கேட்கவில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டும்படி அறிவுறுத்தப்பட்ட நாட்டுப்புற அரபியின் செய்தியை இத்தகைய பேச்சில் யாரேனும் ஒருவர் எடுத்துச் சொல்லாமல் இருப்பதில்லை. நாமும் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்த அரபிக்கு முடிச்சுப் போடத் தெரியும். முடிச்சுப் போடத் தெரியாதவன் கட்டிவிட்டு, 'தவக்குல் வைத்தேன்' என்றால் என்ன விடை என்று எந்த மேடையிலும் நம்மை எவரும் கேட்டதில்லை.

மறுநாள் முத்துப்பேட்டையில் நம் மனைவியின் தங்கை மகனுக்கு நிக்காஹ். குத்பா ஓத நம்மையே அழைத்திருந்தனர். கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடி வழியாகப் போகவேண்டும். மாலையில் மருமகன் பெடலை அழுத்திப் பிடித்துப் பார்த்தார், இறங்கவில்லை. தெருவில் நடைவேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்தார், நின்றது. இரவு படுக்குமுன் நான்கு சக்கரங்களின் அடியிலும் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார். வைகறைத் தொழுகைக்கு எழுந்தபோது வலப்புறப் பின்சக்கரத்தின் தாளில் ஒரு சிறு நாணயத்தளவு கறை இருந்தது.

அவர் உட்கார்ந்து அதனை நெடுநேரம் பார்த்தார். நேற்று வேலையின்போது சிந்தி, தட்டின் பின்புறம் தங்கியிருந்த ஆயில் இரவில் சொட்டியிருக்கலாம். குழாயின் நட்டு சரியாக அமராமல் கசிந்ததாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல முடியவில்லை. பெடல் உறுதியாகவே இருந்தது. வீட்டில் எல்லாரும் உடுத்து நின்றார்கள். முகூர்த்த நாளாகையால் வாடகைக் கார் ஒன்றும் அகப்படவில்லை. உறவினர் ஒருவர், "இரண்டு தனித்தனிக் குழாய் அமைப்புத்தானே, ஒன்று போனாலும் மற்றொன்று நிறுத்தும்" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் பாதிப் பிரேக்கில் வண்டி நிற்கும் தூரமும் கூடும் என்பதை அவர் சொல்லவில்லை.

அப்போது நாம் செய்ததை இங்கே மறைக்காமல் எழுதவேண்டும். குத்பாவுக்கு நேரமாகிறதே என்னும் பதற்றம் நம்மைப் பிடித்துக்கொண்டது. நம்மைவிட்டு வேறோர் ஆலிம் ஓதிவிடுவாரே என்னும் எண்ணமும் இல்லாமல் இல்லை. ஆகவே மருமகனிடம் ஒரு சட்ட விதியை எடுத்து வீசினோம். உறுதியாக அறியப்பட்டது வெறும் ஐயத்தால் நீங்குவதில்லை என்பது பிக்ஹின் பெருவிதிகளுள் ஒன்று. ஒளுச் செய்தது உறுதியாகத் தெரிந்தவனுக்கு, அது முறிந்ததோ என்னும் ஐயம் வந்தால், ஒளு இருப்பதாகவே கொள்ளவேண்டும். "நேற்று மாலை பிரேக் பிடித்ததை நீங்களே பார்த்தீர்கள், மாப்பிள்ளை. அது யகீன். இந்தக் கறை ஷக். யகீனை ஷக் நீக்காது. புறப்படுங்கள்" என்றோம்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "மாமா, நமக்கு உறுதியாகத் தெரிந்தது, பிரேக் கெட்டிருந்தது என்பதுதானே? அது சரியாகிவிட்டது என்பதில்தானே இப்போது ஐயம்?"

நமக்கு நா எழவில்லை. முப்பது ஆண்டு நாம் ஓதிக்கொடுத்த விதிக்கு மறுபாதி ஒன்று உண்டு. ஒளு முறிந்தது உறுதியாகத் தெரிந்து, மீண்டும் செய்தோமா என்று ஐயம் வந்தால், செய்யவில்லை என்றே கொள்ளவேண்டும். ஒரே விதிதான். எதை 'உறுதி' என்று முதலில் வைக்கிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பழுதான பொருளைப் பொறுத்தவரை பழுதே தொடக்கநிலை. தெருவில் நடைவேகத்தில் ஒரு முறை நின்றது, மன்னார்குடிச் சாலையில் ஆறு பேருடன் போகும் வேகத்தில் நிற்கும் என்பதற்கு உறுதியாகாது. விதியை அறியாமல் நாம் பிழைக்கவில்லை. போகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற பாதியை எடுத்துக்கொண்டோம். மதரஸாவில் ஓதாத ஒருவர் மற்றப் பாதியைக் காட்டினார். கல்வி இருந்தும் இவ்வாறு நிகழ்கிறதே என்று சொல்வதைவிட, கல்வி இருந்தமையால்தான் நிகழ்ந்தது என்பதே பொருந்தும். கல்லாதவராயிருந்தால் "அவசரம், போகலாம்" என்று மட்டும் சொல்லியிருப்போம். அதை மறுப்பது அவருக்கு எளிதாயிருந்திருக்கும்.

தியார்பக்ரில் அர்துக்கிய அரசர்களிடம் பணியாற்றிய பொறியறிஞர் அல்ஜஸரீ, நீரேற்றும் பொறிகளையும் கடிகாரங்களையும் பற்றிய தம் நூலை 1206 ஆம் ஆண்டளவில் முடித்தார். செய்து சோதித்துப் பார்க்கப்படாத கைத்தொழிலறிவு மெய்க்கும் பொய்க்கும் இடையே நிற்கும் என்பது அந்நூலில் அவர் கொண்ட கருத்து. அன்று காலை நம் பிரேக் நின்ற இடமும் அந்த இடைவெளியே. கெட்டது என்றும் சொல்ல இயலாது, சரி என்றும் சொல்ல இயலாது. அத்தகைய நிலையில் வண்டியை எடுப்பவர், ஐயத்தின் பயனைத் தாமே எடுத்துக்கொண்டு அதன் சுமையைப் புல்லுக்கட்டு அம்மையாரின் தலையில் ஏற்றுகிறார்.

இவ்வாறு பார்த்தால் எவருமே வண்டி ஓட்ட முடியாதே என்று சிலர் சொல்லக்கூடும். வஸ்வாஸ் என்னும் மன ஊசலாட்டத்தை நம் அறிஞர்கள் கடிந்தே வந்திருக்கின்றனர். பத்து முறை ஒளுச் செய்பவனை எவரும் பேணுதலுள்ளவன் என்று புகழ்வதில்லை. ஆனால் ஊசலாட்டத்துக்கு வெளியே அடையாளம் இருப்பதில்லை. இங்கே தாளில் கறை இருந்தது. கறை இல்லாதிருந்தும் மருமகன் அஞ்சியிருந்தால், நாம் அவரை வற்புறுத்தியது சரியாகவே இருந்திருக்கும்.

வீட்டில் பிரேக்கைத் திருத்தலாமா என்பதற்கு இப்போது நம்மிடம் உள்ள விடை இதுதான்: அறிந்தவர் செய்யலாம், அறியாதவர் அறிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு கற்கலாம், ஆனால் பயணத்துக்கு முந்தைய நாள் எவரும் அதில் கை வைக்கலாகாது. மறுநாள் காலை உடுத்து நிற்கும் குடும்பத்தின் முன்னே, "இன்னும் உறுதியில்லை" என்று சொல்லும் துணிவு எல்லா மாப்பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. அவர்களைச் சொல்லவிடும் மாமனார்களும் அரிதே. பட்டறைகளில் கூலிக்கு வேலை செய்யும் இளைஞர்களை நினைத்துப் பார்க்கிறோம். "இன்றே வேண்டும், இப்போதே வேண்டும்" என்று அவர்கள் தலைமேல் நிற்பவர்களும் நாம்தாமே? ஆயிலை மட்டும் ஊற்றி அனுப்பிய அந்தப் பட்டறையில், இரண்டாம் முறை, "மாலைக்குள் வேண்டும்" என்று அவசரப்படுத்தியது நம் வாய்தான் என்பது பின்னர் நினைவுக்கு வந்தது.

அன்று பேருந்தில் போனோம். மன்னார்குடியில் இறங்கி வேறு பேருந்து பிடித்து முத்துப்பேட்டை சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து விருந்து தொடங்கியிருந்தது. குத்பாவை உள்ளூர் இமாம் ஓதியிருந்தார். நன்றாக ஓதினார் என்றார்கள். நம் மைத்துனிக்கு மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. "ஒரு சொட்டு எண்ணெய்க்காகவா வராமல் இருந்தீர்கள்?" என்று நம் மனைவியிடம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஊர் திரும்பிய மறுநாள் மருமகன் வயதான மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் சக்கரத்தைக் கழற்றி, ரப்பர் உறையை விரலால் தூக்கி உள்ளே பார்த்தார், உலர்ந்திருந்தது. குழாயின் நட்டில் ஸ்பேனரை வைத்தார். கால் திருகு இடம் கொடுத்தது. "இதுவா கசிந்தது?" என்று நாம் கேட்டதற்கு, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அசரத்து. எந்த நட்டும் இவ்வளவு போகும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் அருந்திச் சென்றார். எல்லாவற்றையும் உலரத் துடைத்து, புதிய தாளை விரித்து வைத்தார் மருமகன். மூன்று இரவுகள் தாள் வெண்மையாகவே இருந்தது. நான்காம் நாள் அவர் தனியே திருவாரூர்ச் சாலையில், ஆளில்லாத வேளையில் ஓட்டிச் சென்று பலமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் நின்று நம்மை அழைத்தார். நாம் மேல்துண்டை எடுத்துக்கொண்டு முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தோம்.